அம்மாவின் ஹேண்ட்போன் நேற்று இரவிலிருந்து உயிரோடு இல்லை, உதவி வேண்டும்

அங்மோகியோ_மகள் | ஞாயிறு, காலை 7.42

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின் போன் நேற்று இரவு பத்து மணிவாக்கில் அணைந்தது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் வரவில்லை, அதிரவில்லை, சார்ஜரில் போட்டால் அந்தப் பேட்டரிப் படம்கூடத் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் மூன்று சார்ஜரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், அதே சார்ஜரில் என் போன் நன்றாக ஏறுகிறது. ஆண்ட்ராய்டு, நாலு வருடப் பழசு. எந்த கம்பெனி என்று சொன்னால் இங்கே வேறு சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் சொல்லவில்லை. தண்ணீரில் விழவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார், ஆனால் எப்போதும் சமையலறையில்தான் கிடக்கும்.

அவசரம் என்னவென்றால் தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. அம்மாவின் முறுக்கு ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில் இருக்கிறது. யாருக்கு எத்தனை டப்பா, யார் முன்பணம் கொடுத்தார்கள், எதையும் வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. பேட்டரி போய்விட்டதா, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடோக்_பாலா | காலை 7.58

அரிசி டின்னில் ஒரு நாள் புதைத்து வையுங்கள் அக்கா. என் போன் மழையில் நனைந்தபோது அப்படித்தான் பிழைத்தது.

சாலிடரிங்_சாமி | காலை 8.20

பாலா தம்பி, வேண்டாம். நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல், அந்த அரிசியும் அதே சமையலறையில் இருந்து அந்தக் காற்றைக் குடித்த அரிசிதான், அது எப்படிப் போனுக்குள் இருக்கும் தண்ணீரை இழுக்கும்? உங்கள் போன் பிழைத்தது ஒரு நாள் சும்மா கிடந்ததால், அரிசியால் அல்ல. ஆப்பிளே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதிவிட்டது. நான் 14 வருடம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தவன், சார்ஜிங் ஓட்டைக்குள் முழு அரிசி சிக்கி வந்த போனைப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரியா போர்டா என்று இப்போதே யோசிக்காதீர்கள். போன் ஆன் ஆகவில்லை என்று சொல்கிறவர்களில் பலரின் போன் உண்மையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், திரைதான் போயிருக்கும். அதனால் முதலில் அம்மா எண்ணுக்கு ஒரு அழைப்பு போடுங்கள். மணி கேட்கிறதா, அதிர்கிறதா? அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு திரையில் ஏதாவது மங்கலாகத் தெரிகிறதா என்று சாய்த்துப் பாருங்கள்.

எதுவும் இல்லையென்றால் கட்டாய மறுதொடக்கம். சாம்சங் என்றால் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து ஒரு 15 வினாடி விடாமல் பிடியுங்கள், மற்ற ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் பவர் பட்டனை மட்டும் 30 வினாடி. ஐபோன் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஐபோன் 8-இலிருந்து வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை அழுத்தியே பிடிக்க வேண்டும். பலர் ஐந்து வினாடியில் கையை எடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறார்கள். போனுக்கு உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், உறை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் இந்தக் கூத்து நடக்கும்.

இன்னொன்று, போனின் முதுகு உப்பியிருக்கிறதா? மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா? அப்படியென்றால் சார்ஜ் போடவே கூடாது, அழுத்தவும் கூடாது. உப்பிய பேட்டரியை மின்கழிவுத் தொட்டியில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஜூரோங்_ஜீவா | காலை 8.31

எதற்கு இவ்வளவு? வால்யூம் கூட்டும் பட்டன் + பவர் அழுத்தினால் ரெக்கவரி மெனு வரும், அதில் 'வைப் டேட்டா' கொடுத்தால் புதுப் போன் மாதிரி ஆகிவிடும்.

சாலிடரிங்_சாமி | காலை 8.40

ஆகும் ஜீவா, 'வைப் டேட்டா' உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும், முறுக்கு ஆர்டரும் சேர்ந்து புதுசாகிவிடும். அந்தம்மா கேட்பதே உள்ளே இருப்பதைத்தான். அதே மெனுவில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்று ஒன்று சில போன்களில் இருக்கும், அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும், தகவலைத் தொடாது. ஆனால் பேட்டரிப் படமே வராத போனில் ரெக்கவரி மெனு எங்கிருந்து வரும்? கம்பெனிப் படம் வந்து வந்து அணையும் போனுக்குத்தான் அந்த வழி. ஐபோனிலும் அப்படித்தான், கணினியில் இணைத்து ரெக்கவரிக்குப் போனால் 'அப்டேட்' என்பதை அழுத்த வேண்டும், 'ரீஸ்டோர்' அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும்.

அங்மோகியோ_மகள் | காலை 9.15

அழைத்துப் பார்த்தேன், நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. இருட்டில் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பட்டனை 30 வினாடி பிடித்தேன், இரண்டு விதமாகவும். ஒன்றும் இல்லை. முதுகு உப்பவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து 'போன வருடம் நோட்டில் எழுதினேன், நீதான் வாட்ஸ்அப் நல்லது என்றாய்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ராடின்மாஸ்_ராதா | காலை 9.33

நேராக வாய்ஸ்மெயில் போனால் போன் நிஜமாகவே அணைந்திருக்கிறது, நெட்வொர்க்கில் இல்லை என்று அர்த்தம். சிம்மை எடுத்து வேறு போனில் போட்டு, அதில் வாட்ஸ்அப் பதிவு செய்துவிடலாமே? எண் அதேதானே.

செங்காங்_சித்தப்பா | காலை 9.50

ராதா சொல்வதில் பாதி சரி. சிம்மை மாற்றிப் போடுங்கள், அழைப்பும் ஓடிபியும் வரும். ஆனால் அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் போனில் போடாதீர்கள், இங்கே 2ஜி-யை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள், 3ஜி-யும் போய்விட்டது. 4ஜி-யில் குரல் அழைப்பு வேலை செய்கிற போன் வேண்டும்.

வாட்ஸ்அப்பை மட்டும் அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது மடிக்கணினியில் இணைத்திருந்தால் போன் அணைந்திருந்தாலும் 14 நாள்வரை அதிலேயே படிக்கலாம். வேறு போனில் எண்ணைப் பதிவு செய்த நிமிடமே அந்த இணைப்பு அறுந்துவிடும். பேக்கப்பை, அதாவது சேமித்து வைத்த பழைய நகலை, மீட்காமல் தவிர்த்துவிட்டால் இன்னும் மோசம், காலியான புதுப் பேக்கப் ஒன்று கூகுள் டிரைவில் பழையதின் மேல் ஏறி உட்காரலாம். என் மச்சினன் வீட்டில் இப்படித்தான் பேத்தியின் ஒரு வருடப் படங்கள் போயின.

துவாஸ்_முத்து | காலை 10.05

அண்ணே, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் போன் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்தது. திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் காலை 5 மணி அலாரம் அடிக்கிறது. நிறுத்தத் தெரியாமல் தங்குவிடுதியில் அறையில் இருக்கும் எல்லாரும் எழுந்து திட்டுகிறார்கள். இதுவும் ஆன் ஆகாத போன் கணக்கா? நானும் அந்த 30 வினாடி அழுத்தலாமா?

சாலிடரிங்_சாமி | காலை 10.12

முத்து, நிறுத்து! அழுத்தாதே. உன் போன் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் போயிருக்கிறது. மறுதொடக்கம் ஆகிவிட்டால் முதல் தடவை கைரேகை ஏற்காது, பின் எண்ணைத்தான் கேட்கும், கறுப்புத் திரையில் அதை எங்கே அடிப்பாய்? யார் கூப்பிட்டாலும் பெயர்கூட வராது, தொடர்புப் பட்டியலே அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கும். இப்போது இருக்கிற நிலையிலேயே அணையவிடாமல் சார்ஜில் வைத்து, சாயங்காலம் திரை மாற்றுகிற கடைக்குக் கொண்டு போ. உன் மாடல் டைப்-சி வழியாக டிவிக்குப் படம் அனுப்பும் ரகமாக இருந்தால் ஒரு ஹப்பும் (போனில் டிவியையும் மவுஸையும் சேர்த்துச் செருக உதவும் சாமான்) மவுஸும் போதும், டிவி பார்த்தே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், ஆனால் விலை குறைந்த மாடல்களில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அலாரத்துக்குப் பக்கவாட்டுப் பட்டன்களை லேசாகத் தட்டிப் பார், பல போன்களில் அடங்கும். இல்லையென்றால் தலையணைக்கு அடியில் வை.

துவாஸ்_முத்து | காலை 10.20

நல்லவேளை கேட்டேன். ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி எல்லாம் அதில்தான் இருக்கிறது.

அங்மோகியோ_மகள் | மதியம் 12.40

பக்கத்து வட்டாரத்தில் ஒரு கடை திறந்திருந்தது, கொண்டு போனேன். கடைக்காரர் சார்ஜரில் ஒரு நிமிடம் செருகிப் பார்த்துவிட்டு 'மதர்போர்டு போச்சு, 280 சிங்கப்பூர் வெள்ளி, டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை' என்றார். போனைத் திறக்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அம்மா புதுப் போனே வாங்கிவிடலாம் என்கிறார், ஆர்டர் போனால் போகட்டுமாம். ஆனால் முகம் வாடிவிட்டது.

கெப்பல்_கார்த்தி | மதியம் 12.55

திறக்காமலே போர்டு போச்சு என்றால் ஓடி வந்துவிட வேண்டும், நீங்கள் செய்தது சரி. எனக்கும் இதே கதை. ஒரு இடத்தில் போர்டு என்றார்கள், சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதியில் இன்னொருவர் சார்ஜிங் பகுதியை மட்டும் மாற்றி 60 வெள்ளியில் முடித்தார். திறப்பதற்கு முன்பே விலையை எழுதி வாங்குங்கள், சரியாகவில்லை என்றால் எவ்வளவு என்பதையும் சேர்த்து. ஏமாற்றிவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரையிலான வழக்கை அங்கே எடுப்பார்கள், வக்கீல் கிடையாது, 5,000 வெள்ளிக்குள் என்றால் நாம் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான்.

சாலிடரிங்_சாமி | மதியம் 1.30

காபி குடித்துவிட்டு வந்தேன். 280 வெள்ளி இருக்கட்டும். தங்கச்சி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கேபிளைச் செருகும்போது 'டிக்' என்று முழுதாக உள்ளே போய் உட்காருகிறதா, இல்லை உலோகப் பகுதி ஒரு நூல் அளவு வெளியே தெரிகிறதா? உங்கள் போனில் அதே கேபிளைச் செருகி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மின்சாரம் எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. சார்ஜரிலிருந்து கேபிளுக்கு, கேபிளிலிருந்து ஓட்டைக்கு, ஓட்டையிலிருந்து சார்ஜிங் சில்லுக்கு, அங்கிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து போர்டுக்கு. அந்தக் கடைக்காரர் நாலு வாசலைத் தாண்டிக் குதித்து நேராகப் பூஜை அறைக்குப் போய்விட்டார். யாரிடமாவது யூஎஸ்பி மீட்டர் இருந்தால் இரவல் வாங்குங்கள், கட்டைவிரல் அளவு சாமான், பத்துப் பன்னிரண்டு வெள்ளி இருக்கும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். சுத்தமாக 0.00 என்றால் மின்சாரம் போனுக்குள் நுழையவே இல்லை, ஓட்டையைப் பாருங்கள். 0.1 மாதிரி கொஞ்சமாக எடுத்தால் பேட்டரி அடிமட்டத்துக்குப் போய்விட்டது, மெதுவாக எழுந்துகொண்டிருக்கிறது. செருகிய உடனே நிறைய எடுத்து ஒரே இடத்தில் சுடுகிறது என்றால் உள்ளே எங்கேயோ ஷார்ட், உடனே கழற்றிவிடுங்கள்.

அப்புறம், இரு பக்கமும் டைப்-சி இருக்கிற கேபிளை விட்டுவிட்டு பழைய தட்டையான யூஎஸ்பி தலை உள்ள கேபிளில் பாருங்கள். டைப்-சி சார்ஜர் எதிர்முனையில் போன் இருக்கிறதா என்று கண்டுகொண்ட பிறகுதான் மின்சாரமே விடும், பழைய தலையில் 5 வோல்ட் எப்போதும் நிற்கும்.

அங்மோகியோ_மகள் | மாலை 4.10

சாமி அண்ணே!! ஒரு நூல் இல்லை, ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே வெளியே நிற்கிறது. என் போனில் அதே கேபிள் முழுதாகப் போகிறது. எதிர் வீட்டு அங்கிளின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனிடம் மீட்டர் இருந்தது. 0.00 காட்டுகிறது. கேபிளை அழுத்திப் பிடித்தால் ஒரு கணம் 0.04 வந்து போகிறது. டார்ச் அடித்துப் பார்த்தோம், ஓட்டையின் அடியில் வெள்ளையாக ஏதோ கல் மாதிரி இருக்கிறது. என்ன அது, துருவா?

சாலிடரிங்_சாமி | மாலை 4.18

செம்புக் களிம்பு என்றால் பெரும்பாலும் பச்சையாக இருக்கும். அம்மா முறுக்கு செய்யும்போது போன் எங்கே இருக்கும்?

அங்மோகியோ_மகள் | மாலை 4.31

மாவு பிசையும் தாம்பாளத்துக்குப் பக்கத்தில், எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்து சீரியல் பார்ப்பார். அய்யோ.

பிடோக்_பாலா | மாலை 4.33

அரிசியில் போடச் சொன்னேன், அம்மா ஏற்கெனவே அரிசி மாவில் போட்டிருக்கிறார் 😂

சாலிடரிங்_சாமி | மாலை 4.45

சிரிக்காதே தம்பி, ஜீன்ஸ் பையில் போன் வைக்கிற எல்லார் ஓட்டையிலும் இதே கதைதான், மாவுக்குப் பதில் நூல் பஞ்சு.

பல்குத்தும் குச்சி, மரக்குச்சிதான், அதன் நுனியைக் கத்தியால் சீவித் தட்டையாக்குங்கள். ஊக்கு, ஊசி, சிம் பின் எதுவும் கூடாது. டைப்-சி ஓட்டையின் நடுவே ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதன் மேல்தான் கம்பிகள், அதை நெம்பிவிட்டால் 280 வெள்ளி உண்மையாகவே ஆகிவிடும். நாக்குக்கு மேலேயும் கீழேயும் சுவரை ஒட்டினாற்போலச் சுரண்டி, போனைக் கவிழ்த்துத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். மாவோடு எண்ணெய் சேர்ந்திருந்தால் இறுகியிருக்கும், பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் சுத்தமான பழைய பல்துலக்கியால் காய்ந்த துடைப்பு.

சுத்தம் செய்து செருகியவுடன் எதையும் எதிர்பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சில்லு வழக்கமான மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் விடும், திரையில் படம் காட்டக்கூடப் போதாது. அரை மணி நேரம் தொடாமல் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பவர்கள் ஏறிய கொஞ்சத்தையும் கரைக்கிறார்கள்.

அங்மோகியோ_மகள் | இரவு 7.05

ஒரு மணி நேரம் சுரண்டினோம். வெளியே வந்தது ஒரு உளுந்து அளவு இருக்கும், தேய்த்துப் பார்த்தால் சீரக வாசனை அடிக்கிறது, பொய் இல்லை. இப்போது கேபிள் டிக் என்று உட்காருகிறது. மீட்டர் 0.12. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அங்மோகியோ_மகள் | இரவு 7.38

பேட்டரிப் படம் வந்துவிட்டது!!! 1 விழுக்காடு. மீட்டர் 1.6-க்குத் தாவியது.

ராடின்மாஸ்_ராதா | இரவு 7.40

எனக்கு ரெண்டு டப்பா தேன்குழல் எழுதிக்கொள்ளுங்கள்.

செங்காங்_சித்தப்பா | இரவு 7.52

போன் ஆன் ஆனவுடன் முதல் வேலை பேக்கப். சார்ஜரிலிருந்து கழற்றாமலே செய்யுங்கள். நேற்று இரவு ஏன் திடீரென்று அணைந்தது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறதே சாமி?

சாலிடரிங்_சாமி | இரவு 8.10

சரியாகப் பிடித்தீர்கள். ஓட்டை ஒரே நாளில் அடைபடாது. சில வாரமாகவே அரைகுறையாக ஏறியிருக்கும், காலையில் எழுந்தால் 60 விழுக்காடு என்று அம்மா சொல்லியிருப்பார், யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். நாலு வருடப் பேட்டரி வேறு. நாளைக்குச் சார்ஜரில் இல்லாமல் பயன்படுத்திப் பாருங்கள், 30, 40 விழுக்காட்டிலிருந்து சட்டென்று அணைந்தால் பேட்டரி மாற்ற வேண்டும்.

தெரியாதவர்களுக்கு ஒன்று: போர்டு உண்மையாகவே போயிருந்தால் நினைவகச் சில்லை மட்டும் கழற்றிப் படத்தை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பது எல்லாம் பூட்டித்தான் இருக்கும், அதற்கான சாவி அதே போர்டில் உள்ள பிராசசரோடு கட்டப்பட்டது. அந்தப் போர்டுக்கு ஒரு தடவையாவது உயிர் கொடுத்தால்தான் எடுக்க முடியும்.

கெப்பல்_கார்த்தி | இரவு 8.25

அம்மா வங்கிச் செயலி வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள். புதுப் போனுக்கு மாறியிருந்தால் டிஜிட்டல் டோக்கன் (பணம் அனுப்புவது நாம்தான் என்று செயலியிலேயே உறுதிசெய்யும் வசதி) வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், மோசடிகளைத் தடுக்க 2022 தொடக்கத்தில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்த ஏற்பாடு. நல்லதுதான், ஆனால் போன் செத்த அன்று அது ஞாபகம் வந்தால் வயிறு கலங்கும்.

துவாஸ்_முத்து | திங்கள், இரவு 9.40

அண்ணே, திரை மாற்றியாகிவிட்டது. 85 வெள்ளி. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. அலாரத்தை 5.10-க்கு மாற்றிவிட்டேன், அறையில் இப்போது பேசுகிறார்கள்.

அங்மோகியோ_மகள் | புதன், மாலை 6.20

சாமி அண்ணே சொன்னபடியே 38-இலிருந்து நேராக அணைந்தது. தேக்கா பக்கம் ஒரு கடையில் பேட்டரி மாற்றினோம், விலையை எழுதி வாங்கிக்கொண்டுதான் திறக்கவிட்டேன், பழைய பேட்டரியை அங்கேயே கொடுத்துவிட்டோம். மொத்தம் 41 ஆர்டர், அம்மா எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிவிட்டார், முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்து. போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதே எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார். ராதா அக்கா, தேன்குழல் ரெண்டு டப்பா எழுதியாச்சு, காரமா காரம் இல்லாததா?

ராடின்மாஸ்_ராதா | புதன், மாலை 6.31

ஒன்று ஒன்று.